எக்ஸ் கியூபுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

ஜோஸ்பின் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதை அவள் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படிக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் நவநீதனின் உத்தரவு அது.

அந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் போர்டில் எழுதியதைத் தப்பு என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

மாதத் தேர்வில் வந்த கேள்வி சின்னதுதான். எக்ஸ் கியூபுக்கு நேர்மாறு சார்பு உண்டா? வகைக்கெழுவைக் கொண்டு சொல்லுங்கள்.

வகைக்கெழு, அதாவது கோடு ஏறி இறங்குகிற சரிவின் அளவு, எங்கேயுமே பூஜ்ஜியம் ஆகாமல் இருந்தால்தான் நேர்மாறு உண்டு என்று அவர் நடத்தியிருந்தார். எக்ஸ் கியூபுக்கு ஓரிடத்தில் பூஜ்ஜியம் வருகிறது. ஆகவே இல்லை.

ஜோஸ்பின் 'உண்டு' என்று எழுதிப் படமும் போட்டிருந்தாள். பேப்பர் கைக்கு வந்ததும் எழுந்து நின்று, சார் சொன்ன விதியே தப்பு என்றும் சொல்லிவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் லாரி ஓட்டுகிறவர். லோடு வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு வகுப்புக்குள் வந்தார். பிள்ளை பேசியதற்கு அவரே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

பேனாவை வாங்கியவர், போர்டில் வரைந்திருந்த எக்ஸ் கியூப் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஏறி, நடுவில் துளி படுத்து, மறுபடி ஏறுகிற கோடு.

இது என்ன என்று மகளைக் கேட்டார். ஒரு உயரத்தைச் சொன்னால் அது கோட்டில் எந்த இடம் என்று குழப்பமில்லாமல் சொல்ல முடிந்தால் நேர்மாறு உண்டு, அவ்வளவுதான் என்று அவள் முணுமுணுத்தாள்.

"தொப்பூர் கணவாய்ல லோடோட ஏறி வர்ற மாதிரி இருக்குதுங்க சார். நடுவுல ஒரு இம்மி சமமா வந்து வண்டி மூச்சு வுடும். ஆனா எறங்காதுங்களே. எறங்காத வரைக்கும் ஒரே உயரம் ரெண்டு எடத்துல எப்பிடிங்க சார் வரும்?"

அவர் வாதாடவில்லை. வாத்தியாரைச் சமாதானப்படுத்தத்தான் பேச்சுக் கொடுத்தார்.

வாத்தியார் போர்டைப் பார்த்தார். பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கமும் ஏற்றம், அந்தப் பக்கமும் ஏற்றம். ஒரு புள்ளியில் நின்றால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. முகம் சுண்டிப்போனது அவருக்கு.



கடிதத்தை ஸ்தனிஸ்லாஸ் கையிலிருந்து வாங்கினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதை அடித்துவிட்டு 'அன்புள்ள ஜோஸ்பின்' என்று எழுதினார். கீழே அவள் பெயரை அடித்துத் தன் பெயரைப் போட்டார். ஐம்பத்தோரு பிள்ளைகள் கேட்க அதைத் தானே படித்தார்.

ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டிக்குப் போனார்.

வாத்தியார் வாங்கிய கேடயம், சான்றிதழ் எல்லாம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பது அந்தக் கடிதத்தைத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாக எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.

கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். நவநீதன் என்று அன்றைக்கு நான் நின்றபடியே போட்டது.