மூன்று மாதம்தான் தாங்கும்

ஃப்ரீசரைத் திறந்ததும் வெண்புகை மெல்ல வழிந்தது. சமையலறையே ஒரு மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு. உறைந்த பிஸ்கட் மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கினாள்.

"புது வீட்டுக்கு இதையுமா கட்டித் தர்றீங்க?" வாசலில் நின்று சிரித்தாள் மணப்பெண்.

"வேலை முடிஞ்சு அலுத்துப்போய் வருவே. நாலு உருண்டையை எடுத்துப் பன்னிரண்டு நிமிஷம் சுட்டா போதும்."

"எவ்வளவு நாள் தாங்கும்மா?"

"மூணு மாசம். அதுக்கு மேல உறைஞ்சு கிடந்தா வாசனையே போயிடும். எதுவா இருந்தாலும் அப்படித்தான்."

மணப்பெண்ணுக்குக் கண் கலங்கியது. "நீங்க தனியா இருப்பீங்களேம்மா…"

"அழுது மையைக் கலைச்சுக்காதே. மாப்பிள்ளை கார்ல காத்துட்டு இருக்கார், கிளம்பு."

கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் கனவில் நிற்பவள்போல் நின்றாள். பின்பு உள்ளே வந்து, எடுத்து வைத்திருந்த ஒற்றை உருண்டையை மகனின் படத்துக்கு முன்னால் வைத்தாள். சுடும்வரை பொறுக்காமல் பச்சையாகவே தின்பவன் அவன்.

"நீ போய் மூணு வருஷம் ஆச்சுடா," என்றாள். "இன்னிக்கு உன் பொண்டாட்டியை நல்ல இடத்துல கட்டிக் கொடுத்துட்டேன்."