ஆட்டுக்கு இரண்டு காது

ஆவி பறக்க வந்த ஆட்டுத்தலையை எர்முரத் கொண்டுபோய் தௌலென் முன்னால் வைத்தான்.

தௌலெனுக்கு இருபத்துநான்கு வயது. சுவரில் தொங்கிய திரையில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர்கள். அல்மாட்டியில் ரயில் சீட்டு மென்பொருள் செய்யும் அந்த நிறுவனத்தின் நிரலாளர்கள் அத்தனை பேரும், திறமை வரிசைப்படி, ஒருவர் தலைமேல் ஒருவராக.

அடியில் நசுங்கிக் கிடந்த முப்பத்தெட்டாவது பெயர் சேய்சென். வயது ஐம்பத்தேழு.

நவுரிஸ் புத்தாண்டு விருந்தன்று கடைசிப் பெயர் யாருடையதோ, அவருக்கு அன்றோடு வேலை போச்சு என்று எர்முரத் போன வாரமே சொல்லியிருந்தான். அவன் இயக்குநராக வந்து மூன்றே மாதம். அதற்குள் அந்தக் கட்டடத்தில் அவன் மார்க் போடாமல் விட்டது கழிப்பறை வாளிக்கு மட்டும்தான்.

வயதும் உறவும் பார்த்து வைக்க வேண்டிய கறிப் பங்கை அவன் திரையைப் பார்த்து வைத்தான். மூத்தவருக்கு உரிய தலை முதல் பெயருக்கு. இடுப்பெலும்பு இரண்டாம் பெயருக்கு. தொடை மூன்றாம் பெயருக்கு. முப்பதைத் தாண்டியதும் வெறும் மாவுத் துண்டும் கொழுப்பும்.

"ஆட்டுக்கும் மார்க் போட்டாச்சா, இல்ல நமக்கு மட்டும்தானா?" என்றாள் முப்பத்தோராம் பெயரான குல்பர்ஷின்.

எர்முரத் காதில் வாங்கவில்லை. தலையிலிருந்து ஒரு காதை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மேசையின் கடைசியில் இருந்த சேய்செனிடம் நடந்து போனான்.

"காது உங்களுக்குண்ணே. இனிமேலாவது சொன்ன பேச்சு கேளுங்க."

காது, வீட்டில் வால்தனம் பண்ணும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது.

சேய்சென் தட்டைத் தள்ளி வைத்தார். காதைப் பார்த்து அல்ல. ஆட்டுக்காதை அவர் ஐம்பது வருடமாகப் பார்க்கிறார். திரையைப் பார்த்துத்தான்.

நிரலில் எழுதிய வரிக்கு ஒரு மார்க். தீர்த்த பிழைக்குப் பத்து. நாலு வரியில் முடிவதை தௌலென் நானூறு வரியில் எழுதுவான், நானூறு மார்க். அதில் நாற்பது பிழை இருக்கும், அதை அவனே தீர்ப்பான், இன்னொரு நானூறு. சேய்சென் எழுதியதில் பிழையே கிடையாது. அதனால் தீர்க்க ஒன்றுமில்லை. அதனால் பூஜ்யம்.

போன மாதம் அவர் பழைய நிரலிலிருந்து ஒன்பதாயிரம் வரிக் குப்பையைக் கூட்டித் தள்ளினார். அதன் பிறகு அஸ்தானாவுக்குப் போக வேண்டும் என்று ஒருவன் மனசில் நினைத்தாலே போதும், சீட்டு கையில் வந்து விழுந்தது. திரையில் சேய்சென் பெயருக்கு நேரே மைனஸ் ஒன்பதாயிரம் விழுந்தது.



"வெட்டு தம்பி, தலை ஆறுது," என்று தௌலெனிடம் கத்தியை நீட்டினான் எர்முரத்.

தௌலென் கத்தியை வாங்கவில்லை. அவன் தலையைப் பார்த்தான். தலை அவனைப் பார்த்தது. தட்டோரம் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கொட்டிய வேர்வையில் இன்னொரு அண்டா சூப் வைக்கலாம்.

"என்னால முடியாது," என்றான். "எங்கப்பா இருக்காரு. நல்லா இருக்காரு."

அப்பா உயிரோடு இருப்பவன் ஆட்டுத்தலையில் கத்தி வைப்பது அந்த ஊர் வழக்கத்திலேயே கிடையாது. காது யாருக்கு என்பதை ஞாபகம் வைத்திருந்த எர்முரத், இதை மறந்துவிட்டான்.

தௌலென் எழுந்தான். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நடுவில் இருந்த முப்பத்தாறு நாற்காலிகளையும் தாண்டி, கடைசி நாற்காலிக்கு வந்தான்.

"நீங்க வெட்டுங்கண்ணே. எனக்கு இது வேணாம்."

சேய்சென் கத்தியை வாங்கினார். தலையை வெட்டுகிறவர் வைத்ததுதான் பங்கு. அதை மறுக்க யாருக்கும் வாய் கிடையாது. கன்னத்தில் ஒரு துண்டு தனக்கு. ஒரு துண்டு தௌலெனுக்கு. பெண்பிள்ளைகளுக்கு உரிய அண்ணம் குல்பர்ஷினுக்கு.

ஆட்டுக்கு இரண்டு காது.

இரண்டாவதைப் பூப்போல அறுத்து எடுத்து, நடந்து போய், எர்முரத்தின் தட்டில் வைத்தார்.

சிரிப்பை அடக்கப் போய் குல்பர்ஷினுக்கு சூப் மூக்கு வழியாக வந்தது.

எர்முரத்தின் முகம் பீட்ரூட்டாக மாறியது. "அஞ்சு மணிக்குள்ள உங்க வேலை மேசையைக் காலி பண்ணிடுங்கண்ணே," என்றான். தோற்ற மாதிரி தெரிந்துவிடுமோ என்று உடனே திரையைத் தட்டிக் காட்டினான். "இதோ, இந்தப் பட்டியலைப் போடற நிரல். பொதுவுல வேலையைச் சொன்னேன், யாரோ எடுத்து முடிச்சிருக்காங்க. வெறும் நூத்தி இருபது வரி. ரெண்டு மாசத்துல ஒரு தடவைகூட நின்னதில்ல, ஒரு பிழை கிடையாது. இப்படி வேலை செய்யற ஆள்தான் எனக்கு வேணும். யாருங்க அது? எழுந்திருங்க, பாக்கறேன்."



முப்பத்தேழு பேரும் மேசையின் கடைசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சேய்சென் தன் நாற்காலிக்குத் திரும்பி, ஆற அமரக் காதை மென்றுகொண்டிருந்தார்.

மார்க் போடும் விதிகளைப் படித்த அன்றைக்கே அவர் காறித் துப்பியிருந்தார். ஆனாலும் சொன்னது சொன்னபடி அந்தப் பட்டியல் நிரலை எழுதினார். முதல் ஓட்டத்திலேயே அவர் பெயர் அடியில் போய் விழுந்தது. எங்கே தப்பு என்று மூன்று நாள் தேடினார்.

நிரலில் தப்பில்லை என்று உறுதியான பிறகுதான் ஒப்படைத்தார்.