நாலும் நசுங்க வேண்டும்

வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் சக்கரத்துக்கு ஒன்றாக லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை வைத்தேன்.

பெரிய எலுமிச்சையாக வைத்தால் வண்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டியே ஒரு முழம்தான். ரிமோட்டில் ஓடுகிற பந்தய வண்டி. என் மகள் யுவனேஸ்வரி தானே வரைந்து, பாகம் பாகமாகப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து, பூட்டி முடித்த முதல் வண்டி. நான்கு சக்கரமும் தானாகச் சுழலுமாம். உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டாள்.

"அம்மா, இது கார் இல்லம்மா."

"சக்கரம் இருக்குல்ல? அப்ப பழம் வைக்கணும்."

சூடம் காட்டிக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூப்பந்துத் திடலில்தான் இத்தனையும். பாசிர் கூடாங் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பந்தயம் கட்டியவர் என் வீட்டுக்காரர். மழை பிடிப்பதற்குள் வண்டி நிற்காமல் திடலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றினால் யுவனேஸ்வரி சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, உலு திராமில் தோழி வாசுகியோடு பட்டறை போட்டு, இதையே தொழிலாகச் செய்யலாம். சுற்றாவிட்டால் வண்டி பழைய சாமான்காரனுக்கு. அவள் வழக்கம்போல் விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குமேல் பேச்சு கிடையாது.

எனக்கும் அதே எண்ணம்தான் என்று அவர் நினைத்திருந்தார். நான் வாயைத் திறக்காததையெல்லாம் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது அவருக்குப் பழக்கம்.

யுவனேஸ்வரி விசையை அழுத்தினாள்.

வண்டி உறுமியது. குலுங்கியது. இருந்த இடத்திலேயே காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஓர் அங்குலம் நகரவில்லை.

"பாத்தியா," என்றார் அவர், கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே.

அவள் பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி உறுமல்தான். அவள் முகம் சுண்டிப்போனது. முதல் தூறல் என் மூக்கின் மேல் விழுந்தது.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழத்தைப் பற்றித் தெரியும்.

"பின்னால ரெண்டுதான் நசுங்கியிருக்கு. முன்னால வெச்ச ரெண்டும் அப்படியே முழுசா இருக்கு. நாலும் நசுங்கணும் யுவனா, இல்லன்னா ஆகாது."

அவள் எரிச்சலோடு குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அலமாக். முன் கியரத் திருப்பிப் போட்டுட்டேன்மா. பின் சக்கரம் முன்னால இழுக்குது, முன் சக்கரம் பின்னால இழுக்குது."

எங்கள் வீடு மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வண்டியைப் பிரித்தாள். நான் குடை பிடித்தேன். வண்டிக்குத்தான். அவளும் நானும் நனைந்தோம்.

"மழ வந்துருச்சு லா. முடிஞ்சுது," என்றார் அவர்.

"இது தூறல்ங்க. மழ இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வண்டி மறுபடி தரையில் இறங்கியது. அவள் விசையைத் தொட்டதுதான் தாமதம், முன்னால் இருந்த இரண்டு பழமும் பச்சக்கென்று நசுங்கி அவர் கால்சட்டையில் தெறித்தன. வண்டியைக் காணோம்.

அதற்குள் அது அடுத்த மூலையில் இருந்தது. ஒரு பூனை மரத்தில் ஏறியது. வண்டி கால்வாய் மூடியில் ஏறிப் பறந்து, தரையில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே மேலும் ஓடியது. பூப்பந்து ஆட வந்த பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைசி வளைவில் இரண்டு சக்கரத்தில் சாய்ந்தது பாருங்கள், என் உயிர் போய்விட்டது. இடுப்பு வலிக்காரி குதிக்கக் கூடாது. குதித்தேன்.

"விடாத, விடாத, ஓடு" என்று கத்திக்கொண்டே ஒருவர் ஒற்றைச் செருப்போடு வண்டிக்குப் பின்னால் ஓடினார். என் வீட்டுக்காரர்தான். கைபேசி எங்கேயோ ஆகாயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டி மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்து, புறப்பட்ட இடத்தைத் தாண்டி இன்னொரு சுற்றும் போனது.

அதன் பிறகுதான் மழை கொட்டியது. மூன்று பேரும் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று சிரித்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. ரிமோட்டைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"சரி லா. திங்கக்கெழம போய் வேலைய விட்டுரு."

"சரிப்பா," என்றாள் தரையைப் பார்த்தபடி.

துண்டு எடுக்கும் சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன். ஏற்கெனவே விட்டுவிட்ட வேலையை ஒருத்தி மறுபடி எப்படி விடுவாள்?

போன மாதம், நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள், ஜொகூரே பாலத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இவளைப் போலவே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அடுத்த வீட்டு விஜயன் வந்து சேர நடுச்சாமம் ஆனது. இவள் பொழுது சாயுமுன் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் வருகிறாள். அந்தப் பாலத்தைக் கடந்து வேலை பார்த்துவிட்டு வரும் யாரும் சிரித்த முகத்தோடு வந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் சொல்லவில்லை. இவளிடமும் கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொடுப்பதை மட்டும் நான் நிறுத்தவே இல்லை.

பொய் சொல்கிறவளுக்கும் மத்தியானம் பசிக்கத்தானே செய்யும்.