பக்கத்துக் கட்டில்காரன்

"திருட்டுப் பய மிஸ்ஸி இவன்! என் வீட்டுக்காரர் மாத்திரைய எடுத்துத் தின்னுருக்கான்!"

கலாதேவி போட்ட சத்தத்தில் தீக்காய வார்டே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றாள் தாதி அகதா. கையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர் இருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருந்தன.

"என்னா மெதுவா? நீங்கதானே சொன்னீங்க, வெந்த புண்ணு வழியா உடம்புல உள்ள ஸிங்க், காப்பர் எல்லாம் வடிஞ்சிரும், மாத்திர போடாட்டி தோலு மூடாதுன்னு? வாராவாரம் ஆயர் தாவார்லேர்ந்து ஈப்போவுக்கு பஸ் ஏறி வந்து வாங்கிக் குடுக்குறேன். இவருக்கு ரத்தத்துல அளவு ஏறவே இல்ல. வாங்கிக் குடுக்க ஆளே இல்லாத இவனுக்கு மட்டும் எப்படி ஏறுது?"

அகதாவுக்கும் அதுதான் புரியவில்லை. ரத்தம் மாறிவிட்டதோ என்று இருவருக்கும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மாறவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த ரஃபிக் பங்களாதேஷ்காரன். கலாதேவியின் கணவன் கனகராஜும் அவனும் ஒரே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர்கள். பழத்தை ஆவியில் வேகவைக்கும் பெரிய கலனின் கதவை, ஆவி இறங்குமுன்னே ரஃபிக்தான் திறந்துவிட்டான் என்று விசாரணையில் முடிவுசெய்து, படுக்கையில் கிடந்தவனை ஆலை வேலையைவிட்டே நீக்கியிருந்தது.

"இவன் தெறந்த கதவால இவரு வெந்து கெடக்காரு. இப்ப மருந்தையும் திருடுறான். போலீஸக் கூப்புடுங்க மிஸ்ஸி!"

ரஃபிக் மலாய் மொழியில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கனகராஜைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அவன் திருடல," என்றான் கனகராஜ். "நான்தான் குடுத்தேன். தெனமும்."

கலாதேவி கணவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பாவிக்கா? கால் கடுக்க அலைஞ்சி நான் வாங்கியாறது இவனுக்கா? ஒங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்! அப்படி என்னா கரிசனம் இவன் மேல?"

கனகராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவத் தெறந்தது நான், கலா. விசாரணையில அவன் பேரச் சொன்னதும் நான்தான்."