ஆயிரம் மஞ்சப்பை

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் இந்துமதிக்கு மயக்கம் வராத குறை.

உள்ளே மஞ்சப்பைகள். மொத்தம் ஆயிரம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்.

‘மூச்சு முட்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று கவர்மேல் நாலைந்து வெளிநாட்டு மொழிகளில் எச்சரிக்கை வேறு. முட்டியது அவளுக்குத்தான்.

பசுமை வளாகச் சான்றிதழுக்கான ஆய்வுக் குழு பல்லடத்தைத் தாண்டிவிட்டதாம். கல்லூரியில் அந்த வேலைக்குப் பொறுப்பான பேராசிரியை இந்துமதிதான். கல்லூரி வாசலில் ‘பிளாஸ்டிக் இல்லா வளாகம்’ என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. அந்த ஃப்ளெக்ஸ் என்னத்தால் செய்தது என்று கேட்டதற்கு நேற்று முதல்வர் அவளை முறைத்தார்.

பைகள் தாளாளரின் மகன் சுரேந்தரின் அன்பளிப்பு. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். போனில் பிடித்தாள்.

“பாலிபேக் போடாம எப்படீங்க மேடம் பீஸை வெளிய அனுப்பறது? அழுக்காயிருமுங்க.”

குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. நன்றி சொல்வாள் என்று காத்திருக்கிற குரல் அது. துணி என்றால் மடிக்க வேண்டும், மடித்தால் கவரில் போட வேண்டும். ஏற்றுமதிக்காரனுக்கு வேறெதுவும் கைவராது. யாரைச் சொல்லி அழ?

சான்றிதழ்மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியில் மோட்டார் போன வருடத்திலிருந்து பழுதாகிக் கிடக்கிறது. தண்ணீர் அப்படியே வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்குகிறது.

“எங்க கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது கண்ணு” என்று தோட்டத்துக்காரி ரங்காத்தாள் வேலியோரம் நின்று சொன்னாள். அன்றிலிருந்து இந்துமதியால் அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

ஆய்வில் கேட்பது மரமும் சோலாரும் பையும்தானாம். கழிவுநீரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லையாம். சர்டிபிகேட் வரட்டும், அப்புறம் மோட்டார் என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

ஆகவே, இன்றைக்கு ஒரு கவர் கண்ணில் பட்டாலும் மோட்டார் கிடையாது.

மாணவிகள் வட்டமாக உட்கார்ந்து பையை உருவி உருவிக் கவரை எறிந்தார்கள். கவர் இடுப்பளவு குவிந்தது. போடுவதற்குக் குப்பைத்தொட்டியும் இல்லை. பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் பிளாஸ்டிக் இருப்பதாக ஆகிவிடும் என்று போன வாரம்தான் அதைத் தூக்கினார்கள். எரித்தால் ஊரே நாறும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அலுவலக உதவியாளர் பெரியகருப்பன் எல்லாவற்றையும் வாரி அவளுடைய அறைக்குள் காலால் மிதித்துத் திணித்துப் பூட்டினார். எதற்கு என்று அவருக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை. கார் உள்ளே வந்துவிட்டது.

குழுவினர் மூன்று பேர். மரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள், சோலாரைப் பார்த்தும் தலையாட்டினார்கள். வேலிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. கடைசியில் ஆளுக்கொரு மஞ்சப்பையைக் கொடுத்தாள்.

தலைவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடவினார்.

“துணி ரொம்ப நல்லா இருக்கே. சென்னை போறதுக்குள்ள அழுக்காயிடும். ஒரு கவர் கிடைக்குமா?”

சோதிக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

“இல்லீங்க சார். எங்க காலேஜ்ல கவருங்கற பேச்சுக்கே எடமில்லீங்க.”

சொல்லி வாயை மூடவில்லை, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

“என்ன மேடம், ஒங்க ரூம் நெறையக் கெடக்கே!” என்றார் பின்னாலிருந்து பெரியகருப்பன். “இருங்கய்யா, எடுத்தாரேன்.”

ஓடியே போனார். இந்துமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்புகிற மாடுதான் கண்ணுக்குள் வந்தது. அவ்வளவுதான், போயிற்று.

பெரியகருப்பன் ஒரு கவரைக் கொண்டுவந்து தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அதன்மேல் இருந்த எச்சரிக்கையை நிதானமாகப் படித்தார். பிறகு பையை நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல் உள்ளே தள்ளி, வாயை அழுத்தி ஒட்டினார்.

“பார்த்தீங்களா, இப்பதான் நீட்டா இருக்கு.”

மற்ற இருவரும் அதைப் பார்த்தார்கள். தங்கள் பையையும் பார்த்துக்கொண்டார்கள்.

“மேடம், இன்னும் ரெண்டு கவர் இருக்குமா?”

இந்துமதிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எத்தன வேணும்னாலும் இருக்குதுங்க சார்.”

சாவியை வாங்கிக்கொண்டு அவளே நடந்தாள். தொட்டியில் மோட்டார் ஓடுகிற சத்தம் இப்போதே காதில் கேட்டது.