நானூறு பொருள், மூன்று புள்ளி

"எனக்குப் பிச்சை போடறியாடா?" என்று கேட்டார் வைத்தியநாதன். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகை அவர் முன்னே கிடந்தது.

எதிரே அமர்ந்திருந்தார் கோபாலன். பவானிபூரின் அந்த இரண்டாம் மாடி வீட்டில், இருபது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், வைத்தியநாதன் அவரை வென்றது விரல்விட்டு எண்ணத்தக்க முறைகளே. இன்றோ நூறு புள்ளிக்கு மேல் வென்றிருந்தார். அந்த வெற்றிதான் அவரைச் சுட்டது.

"ஸெட்," என்றார் பலகையைக் காட்டி. "கடைசியா நீ வச்ச வார்த்தை. தயிர் உறையறதுக்கும் அதுதான், சூரியன் அஸ்தமிக்கறதுக்கும் அதுதான், முறிஞ்ச எலும்பைச் சேர்த்து வைக்கறதுக்கும் அதுதான். டிக்‌ஷனரியைப் பிரிச்சா நானூறு அர்த்தம். பலகையில வச்சா மூணு பாயிண்ட். கோபாலன் வைக்கற வார்த்தையாடா இது?"

"வச்சேன். அவ்வளவுதான்."

"ஏன்னா, கத்தாதேங்கோ. தையல் பிரிஞ்சுடும்," என்றபடி சமையலறையிலிருந்து வந்தார் வைத்தியநாதனின் மனைவி கலா.

வைத்தியநாதனின் கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கலா தனியாக அலிப்பூர் சென்று, மருத்துவமனையில் பரிசோதனை அறிக்கையை வாங்கி வந்து, புற்று இல்லை என்றார். அன்றுமுதல் வைத்தியநாதன் ஒருவரையும் நம்பவில்லை.

"கோபால்தா, நீங்களாவது சொல்லுங்கோ," என்றார் கலா. வங்காளிகளோடு பழகிய நாவில் கோபாலண்ணா என்றைக்கோ கோபால்தா ஆகிவிட்டிருந்தார். "பேப்பரைக் கண்ணெதிர்ல காட்டியாச்சு. இன்னும் நம்ப மாட்டேங்கறார்."

"பேப்பர்ல ஒண்ணு இருக்கும், டாக்டர் வாயில ஒண்ணு இருக்கும். ஆறு மாசமா பேசாத உன் பிள்ளை விக்ரம், நேத்து போன் பண்ணி சாப்பிட்டேளாங்கறான். எதிர்வீட்டு போஸ் ஒரு டப்பா சந்தேஷ் கொண்டுவந்து கையில திணிக்கறார்."

"துர்கா பூஜை முடிஞ்சா அவர் பில்டிங் முழுக்கத்தான் ஸ்வீட் கொடுப்பார்."

"இவன் விஷயத்துக்கு என்ன சமாதானம் சொல்லப்போறே?" என்று கோபாலனைக் காட்டினார் வைத்தியநாதன். "இன்னிக்கு ஒரு மணி நேரம் லேட். கேட்டா, மெட்ரோல இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டு, நாலு ஸ்டேஷன் தாண்டி எஸ்பிளனேடு வரைக்கும் போயிட்டானாம். காளிகாட்லேர்ந்து இங்க ரெண்டே ஸ்டேஷன். இருபது வருஷமா வரான். பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? டாக்டர்கிட்ட போயிருக்கான். அவர் சொன்னதைக் கேட்டுட்டு வந்துதான் எனக்கு விட்டுக்கொடுக்கறான்."

"நான் எந்த டாக்டரையும் பார்க்கல, வைத்தி," என்று தலைகுனிந்தார் கோபாலன். அந்தக் குனிவை வைத்தியநாதன் ஒப்புதலாகவே கொண்டார்.

ஆட்டம் முடிந்தபின், கையில் எழுத்து மிஞ்சியவர் அவற்றைத் திருப்பிக் காட்டுவது முறை. அவற்றின் மதிப்பு அவருடைய புள்ளிகளிலிருந்து கழியும். வைத்தியநாதன் அதுவரை பொறுக்கவில்லை. எட்டிப் பிடுங்கினார். ஐ, என், க்யூ, யூ, ஈ என ஐந்து எழுத்துகள் இருந்தன.

பலகையில் முன்பே கிடந்த ஓர் ஈ எழுத்தின் இருபுறமும் எஸ்ஸையும் டீயையும் வைத்துத்தான் கோபாலன் ஸெட் ஆக்கியிருந்தார். அவ்விரண்டையும் பெயர்த்தெடுத்து, ஏழு எழுத்துகளையும் மேசைமீது வரிசையாக அடுக்கினார் வைத்தியநாதன்.

இன்க்வெஸ்ட். ஒருவர் இறந்த காரணத்தை ஆராயும் விசாரணைக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர். ஏழையும் ஒருங்கே வைத்திருந்தால் ஐம்பது போனஸோடு குறைந்தது அறுபத்தாறு புள்ளி. வைப்பதற்கு இடமும் பலகையின் ஓரத்தில் திறந்தே கிடந்தது.

ஆலகால நஞ்சை மிடற்றிலே நிறுத்திய பெருமானை நாள்தோறும் பாடித் துதிப்பவர்தாம் வைத்தியநாதன். தம் சினத்தை மட்டும் அவரால் மிடற்றில் நிறுத்த இயலவில்லை.

"முப்பது வருஷம் ஹார்பர் ஆபீஸ்ல ஆக்ஸிடென்ட் ஃபைல் பார்த்தவன் நீ. தினம் இந்த வார்த்தையை எழுதினவன். யாராவது ஒரு வார்த்தையைச் சந்தேகப்பட்டா, டிக்‌ஷனரி எதுக்கு, கோபாலனைக் கேளுன்னு ஸ்கிராபிள் கிளப்பே உன்கிட்ட ஓடிவந்தது. கையில வச்சுண்டே இதை ஏண்டா ஒளிச்சே? சாகப் போறவன் கண்ணுல பட வேண்டாம்னா?"

"இல்லடா..."

"உன் தயவு எனக்கு வேண்டாம். எத்தனை நாள் இருக்குன்னு தெரிஞ்சுண்டு போறவனா நான் போறேன். முதல்ல இதைப் படி. என் மூஞ்சியைப் பார்த்து வாய்விட்டுப் படி."

கலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வைத்தியநாதன் கையமர்த்தினார்.

கோபாலன் மேசைமீது குனிந்தார். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டார். அவர் உதடுகள் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ஓசையின்றிச் சென்று, மறுபடியும் முதலுக்கே திரும்பின. பிறகு நிமிர்ந்தார். அந்தக் கண்களில் தயவும் இல்லை, நடிப்பும் இல்லை. அச்சம் மட்டுமே இருந்தது.

"இப்படி ஒரு வார்த்தை இருக்கா, வைத்தி?"