பாதி தேய்ந்த பேடு

“புதுசு வேணாம் பாய். பாதி தேஞ்ச பிரேக் பேடு இருந்தா குடுங்க. பெரிய பிக்கப்புக்கு.”

சத்தார் பாய் வேலூரில் பழைய வண்டிச் சாமான் கடை போட்டுத் தலை நரைத்தவர். மலிவாகக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறார். தேய்ந்ததாகப் பார்த்துக் கொடு என்று கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

வந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். வழவழவென்று புது மொட்டை. மீசையும் இல்லை. பாய்க்கு வாய் சும்மா இருக்காது.

“திருப்பதி போய்ட்டு வர்றீங்களா? லட்டு எங்க?”

அந்த ஆள் சிரிக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தான். வண்டியில் கழற்றிய பேடு. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பாகம் சுத்தமாகப் போய், வெறும் இரும்புத் தகடுதான் மிச்சமிருந்தது. தகட்டின் முதுகில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

உப்பைப் பார்த்ததும் தோல் வண்டி என்று பாய்க்குத் தெரிந்துவிட்டது. உப்புப் போட்ட பச்சைத் தோலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். பிரேக் அடிக்கிறபோதெல்லாம் அது முன்சக்கரம் வரைக்கும் ஓடி வரும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிக்கப்புக்கெல்லாம் இதுதான் கதி.

இரண்டு செட் எடுத்துப் போட்டார். அவன் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒவ்வொன்றாகக் கனம் பார்த்தான். ஒன்று ரொம்பப் புதுசாக இருக்கிறது என்றான். இன்னொன்று ரொம்பப் போய்விட்டது என்றான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள்.

“ஆம்பூர்ல இல்லாத கடையா? இங்க வந்து இன்னா தேடுறீங்க?”

கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. வண்டி கவிழ்ந்துவிட்டது. டிரைவர் அந்த இடத்திலேயே போய்விட்டான். வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் பொட்டலில் காவலில்லாமல் நிற்கிறது. நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போகிறார். அதற்குள் மாட்டிவிட வேண்டும். புதுசாக மாட்டினால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஆம்பூரில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

“பிரேக் புடிக்கலன்னு அவன் சொல்லிக்கினேதான் இருந்தான். வெயில்ல தோல் நிக்காது, இந்த லோட எறக்கிட்டு மாத்திக்கலாம்னு நான்தான் அனுப்பினேன்.”

இவன் போடுகிற கணக்கு சத்தார் பாய்க்குப் புரிந்தது. பிரேக்கில் பழுதில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போவார். தாறுமாறாக ஓட்டினான், செத்தான் என்று கேஸ் முடிந்துவிடும். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறார். இவன் பிணத்தை வைத்தே மறைக்கிறான். இதில் பெருமாளுக்கு மொட்டை வேறு.

போய்யா வெளியே என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் உள்ளே போனார். ஜல்லி ஓட்டின வண்டியில் கழற்றிய செட் ஒன்று இருந்தது. அளவு சரியாக இருந்தது, சரியாகப் பாதிதான் தேய்ந்திருந்தது. ஆனால் முதுகில் பேருக்குக்கூட உப்பில்லை. சுற்றியிருக்கிற இரும்பெல்லாம் உப்பில் ஊறிக் கிடக்கிற வண்டியில் இது மட்டும் தனியாகத் தெரியும். கண் இருக்கிற எந்த இன்ஸ்பெக்டரும் பிடித்துவிடுவார். பிடிக்கட்டும் என்று கொண்டுவந்து வைத்தார்.

அந்த ஆள் நகத்தை வைத்துப் பார்த்தான். இதுதான் வேண்டும் என்று தலையாட்டினான்.

அப்படியே அனுப்பியிருக்கலாம். பாய்க்கு மனசு ஆறவில்லை.

“ஏன் பா, அந்தப் புள்ளையப் பெத்தவ ஒருத்தி இருப்பா இல்ல? நாளைக்கு அவ மூஞ்சியில எப்டி முழிப்ப?”

அவன் பேடுகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே பேசினான்.

“பிரேக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். காலையில எனக்கு அவதான் பாய் சோறு போட்டு அனுப்புனா.”

சத்தார் பாய் அந்த மொட்டைத் தலையை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். திருப்பதி மொட்டைக்குச் சந்தனம் பூசியிருக்கும். இதில் சந்தனம் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த தலை. இந்தத் தலையைப் பார்த்தா லட்டு கேட்டோம் என்று அவருக்குக் கூசியது.

“குடு பா அத. அது வேணாம்.”

செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சாமான்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். பேரணாம்பட்டு வண்டி ஒன்றில் கழற்றிய செட் மூலையில் உப்பு பூத்துக் கிடந்தது. செய்வது சரியில்லை என்று அவருக்குத் தெரியும். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செத்த பிள்ளைமேலேயே பழி விழும் என்பதும் தெரியும். அந்தச் செட்டைத் துடைக்காமல் எடுத்துவந்து கொடுத்தார்.

அவன் வாங்கிக்கொண்டான். மேசைமேல் கிடந்த வெறும் தகட்டையும் எடுக்கக் கை நீட்டினான். பாய் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

பேன்ட் பையில் மறந்து வைத்துவிட்டால் துவைக்கிறபோது அகப்படும். துவைக்கிறவளும் அவள்தான்.